மூவாயிரம் வெள்ளித் தண்ணீர் மெஷின்: வடிகட்டுவது சரி, ஹார்மோன் கதை எதற்கு?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) தண்ணீர் மெஷின் இல்லாத சமையலறை இப்போது குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் அண்ணி வீட்டுக்கும் ஒன்று வந்துவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்), மாதத் தவணை. நான் பக்கத்து வீடு. என் குடிதண்ணீரும் அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே நன்றாகப் புழங்கிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். இங்கே சுற்றுகிற கம்பெனிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பிரசுரத்தைத்தான் கொடுக்கின்றன, அட்டைப்படம்தான் வேறு.

மெஷின் எப்படி என்று மட்டும் கேட்டால் பதில் சின்னது: தண்ணீர் சுத்தமாக வருகிறது, டீ ருசியாக இருக்கிறது, விலை அநியாயம். இதோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். ஆனால் பிரசுரத்தில் கொட்டை எழுத்தில் "உடலின் நீர் ஹார்மோன்களைச் சமன்படுத்தும்" என்று போட்டிருக்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக (நர்ஸாக), பெரும்பாலும் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

முதலில் விற்ற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்த தம்பி எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். மரியாதையான பையன், கழுத்தில் டை. அண்ணியை "அக்கா" என்றான், என்னை "ஆன்ட்டி" என்றான். மேசை மேல் இரண்டு கண்ணாடிக் குவளை வைத்தான். ஒன்றில் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் மெஷின் தண்ணீர். அடியில் நான்கு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டு குவளைக்கும் மேலே வைத்து, ஜோடி ஜோடியாகக் கம்பிகளை முக்கி, சுவிட்சைத் தட்டினான். குழாய்த் தண்ணீர் முதலில் மஞ்சளானது. அப்புறம் பச்சையும் பழுப்புமாகக் கசடு திரண்டு நுரையோடு மேலே மிதந்தது. மெஷின் தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. "இதைத்தான் அக்கா இத்தனை வருஷமா குடிச்சிட்டு வர்றீங்க." அண்ணியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே கையெழுத்து விழுந்துவிட்டது.

நான் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்தேன். மெஷின் தண்ணீர்க் குவளையில் போட்டுக் கலக்கி, "இப்ப வையுங்க தம்பி" என்றேன். வைத்தான். குழாய்த் தண்ணீரைவிட வேகமாகக் கலங்கியது. அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. கம்பி இரும்பு. தண்ணீரில் உப்போ தாதுவோ கரைந்திருந்தால் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். மெஷின் தாதுக்களை எடுத்துவிட்டதால் மின்சாரம் ஓடவில்லை, துருவும் வரவில்லை. குழாய்த் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. பையனுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறான். வீடு தேடி வந்து விற்கும் பொருளைக் குறிப்பிட்ட நாள்களுக்குள் வேண்டாம் என்று திருப்ப 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இடம் தருகிறது என்று அன்றிரவே அண்ணியிடம் சொன்னேன். "சொந்தக்காரப் பையன், மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

இனிப் பிரசுரம். கடைசிக் குழாயில் ஒரு காந்தம் இருக்கிறதாம். அதன் வழியாகப் போகும் தண்ணீர் "சிறு கொத்து"களாக உடைந்து செல்லுக்குள் சுலபமாக நுழையுமாம். செல்லுக்குள் தண்ணீர் நுழையும் வாசல் எது என்று கண்டுபிடித்தவர் பீட்டர் அக்ரே என்ற அமெரிக்கர். 1990-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். 2003-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்வாபோரின் என்று பெயர், செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதக் குழாய். அதன் நடுத் துவாரத்தில் ஒரு நேரத்தில் ஒரு நீர் மூலக்கூறுதான் போக முடியும். மூவாயிரம் வெள்ளித் தண்ணீரானாலும் சரி, கிணற்றுத் தண்ணீரானாலும் சரி, ஒவ்வொன்றாக வரிசையில் நின்றுதான் உள்ளே போக வேண்டும். கொத்து சிறிதா பெரிதா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஹார்மோன் வருவதும் இந்த வாசலில்தான். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. நாம் வெளியே விடுவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அதில் கடைசிப் பங்கை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்வது ஏ.டி.எச். என்ற ஹார்மோன், வாசோப்ரெசின் என்றும் சொல்வார்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் தயாராக இருக்கும். ரத்தம் ஒரு சதவீதம் கெட்டியானாலே போதும், அங்குள்ள உணர்செல்கள் சுருங்கித் தகவல் கொடுத்துவிடும். ஏ.டி.எச். ரத்தத்தில் இறங்கும். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் சுவரில் அக்வாபோரின்கள் வந்து பதியும். தண்ணீர் உள்ளே திரும்பும், சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாக வரும். நாம் தண்ணீர் குடித்ததும் ஏ.டி.எச். இறங்கிவிடும், அக்வாபோரின்கள் சுவரை விட்டு உள்வாங்கிக்கொள்ளும், ஒரு மணி நேரத்துக்குள் வெளிறிய சிறுநீர் தாராளமாக வரும். இவ்வளவையும் உடம்பு ராத்திரி பகலாகத் தானே பார்த்துக்கொள்கிறது. இதில் காந்தம் எந்த இடத்தில் நின்று எதைச் சமன்படுத்தும் என்று பையனிடம் கேட்டேன். "அது எனர்ஜி ஆன்ட்டி" என்றான்.

இந்த ஹார்மோன் உண்மையிலேயே கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன். மோட்டார்சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பையன். அடியில் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டு ஏ.டி.எச். நின்றுவிட்டது. சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அது மறுபடி நிறைந்திருக்கும். வந்ததெல்லாம் பச்சைத் தண்ணீர், நிறமே கிடையாது. அவனுக்கோ அடங்காத தாகம். போன அளவுக்கு ஊசி வழியாக ஏற்றிக்கொண்டே இருந்தோம். டெஸ்மோப்ரெசின் என்ற மருந்து, ஏ.டி.எச்.சின் செயற்கை வடிவம், கொடுத்த பிறகுதான் பை நிறைவது குறைந்து மஞ்சள் நிறம் வந்தது. சிறுநீரில் மஞ்சளைப் பார்த்து வார்டே சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். ஹார்மோனைச் சமன்படுத்துவது என்றால் அது. டாக்டர் எழுத வேண்டும், மணிக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும், சோடியத்துக்கு ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது பிரசுரத்தின் பின்பக்கத்தைப் பார்த்துத்தான். "ஹார்மோன் தூண்டப்பட தினமும் 4 லிட்டர், காலையில் வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர்." யாருக்கு என்று போடவில்லை. எல்லாருக்குமாம். நிறையக் குடித்தால் ஏ.டி.எச். தூண்டப்படாது, அடங்கும், பிரசுரம் அங்கேயே தலைகீழ். ஆனால் பிரச்சினை அது இல்லை. இளவட்டத்தின் சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வெளியேற்றிச் சமாளித்துவிடும். எங்கள் வீட்டில் பெரியம்மா இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தவர், இப்போது ஒல்லியான கிழவி. பிரஷருக்கு அரசாங்கக் கிளினிக்கில் "ஒண்ணுக்குப் போற மாத்திரை" கொடுக்கிறார்கள், ஹைட்ரோகுளோரோதையசைட். அந்த மாத்திரை உப்பை வெளியேற்றும். அதோடு, சிறுநீரை நீர்க்கச் செய்து அதிகத் தண்ணீரைக் கழிக்கும் திறனையும் குறைத்துவிடும். அதற்கு மேல் தினம் நாலு லிட்டர் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். 135-இலிருந்து 145 வரை இருக்க வேண்டியது 120-க்குக் கீழே போனவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். பேச்சுக் குழறும், ஆள் அடையாளம் தெரியாது, சில நேரம் வலிப்பு வரும். வீட்டில் வாதம் என்பார்கள், காத்து கருப்பு என்று கயிறு கட்டிக்கூடக் கூட்டி வருவார்கள். நடந்தது என்னவென்றால், ரத்தம் நீர்த்துப்போய், தண்ணீர் மூளைச் செல்களுக்குள் புகுந்து, அவை ஊறப்போட்ட உளுந்தாக உப்பிவிட்டன. மண்டை ஓட்டுக்குள் உப்ப இடமில்லை. வைத்தியமும் அவசரமாகச் செய்யக் கூடாது. சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளைக்கு வேறு சேதம் வரும்.

ஆகவே பெரியம்மாவுக்கு மெஷின் உண்டு, நாலு லிட்டர் கிடையாது. அதற்காகக் குறைத்தும் குடிக்க விடுவதில்லை. வயதானால் தாக உணர்வு மங்கிவிடும். தாகம் எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வெயில் காலத்தில் சாயங்காலத்துக்குள் தலை சுற்றும். இரவில் ஏ.டி.எச். கூடுவதும் முதுமையில் குறைந்துவிடுவதால்தான் கிழவி ராத்திரியில் எழுந்து எழுந்து போகிறார். பையன் அதற்கும் மெஷினைச் சொன்னான்! நான் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் டீயை நிறுத்தச் சொன்னேன். கொஞ்சம் பரவாயில்லை. டயாலிசிஸ் செய்பவர்களும் இதயம் பலவீனமானவர்களும் இந்தப் பின்பக்கத்தைப் படிக்கவே கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான் அளவு.

அண்ணன் விஷயம் வேறு. அவர் செம்பனைத் தோட்டத்தில் தண்டல் (மேஸ்திரி). காலையிலிருந்து மத்தியானம் வரை வேர்வையிலேயே நனைகிற வேலை. அவருக்கு இந்தத் தண்ணீர் தெம்பு கொடுக்கும் என்று பையன் அடித்துச் சொன்னான். வேர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது, இந்த மெஷினோ இருக்கிற கொஞ்சநஞ்ச உப்பையும் எடுத்துவிடுகிறது. உப்பைக் காப்பது ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோன். ரத்த அழுத்தமோ உப்போ குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்தால் ரெனின் என்ற நொதியை விடும். அது ஆஞ்சியோடென்சின் என்பதை உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும். அது அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, ஆல்டோஸ்டீரோன் வந்து சிறுநீரிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுக்கும். பொட்டாசியத்தை வெளியே தள்ளும். சோடியத்தின் பின்னாலேயே தண்ணீரும் வரும். வேர்வைச் சுரப்பியிலும் இதே வேலை நடக்கும். தோட்டத்துக்குப் புதிதாக வந்த பங்களாதேஷ் பையன்களின் சட்டை முதுகில் காய்ந்த உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். ஒன்றிரண்டு வாரம் வெயிலில் பழகிய பிறகு வேர்வை கூடும், அதில் உப்பு குறையும். அண்ணன் சட்டையில் கோடு லேசாகத்தான் விழுகிறது. அவரது உடம்பு இந்த வித்தையைப் பழகிப் பல காலம் ஆயிற்று. மெஷின் தண்ணீரைத் தாராளமாகக் கொண்டு போகட்டும். கூடவே எலுமிச்சம்பழத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்ட ஒரு போத்தலும், மத்தியானம் சோறும் ரசமும் இருந்தால் கணக்குச் சரியாகிவிடும். குடலில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கப்படுகின்றன, தண்ணீர் அவற்றோடு போகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசலின் சூட்சுமமும் அதுதான்.

சனிக்கிழமை இரவு இரண்டு பீர் போட்டுவிட்டு "இந்தத் தண்ணி குடிச்சா மறுநாள் தலைவலி வராதாம்" என்று அண்ணன் ஆரம்பித்தார். மது ஏ.டி.எச்.சையே அடக்கிவிடும். அதனால்தான் குடித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பின்பக்கம் போய் வருகிறார்கள். மறுநாள் நாக்கு வறள்வதில் அதற்கும் பங்கு உண்டு. தண்ணீர் குடிப்பது நல்லதுதான், எந்தத் தண்ணீராக இருந்தாலும்.

"கை கால் வீக்கம், நீர் கோர்த்தல் நீங்கும்" என்ற வரியை மட்டும் நான் பேனாவால் அடித்துவிட்டேன். வீக்கத்துக்குப் பின்னால் இதயமோ சிறுநீரகமோ கல்லீரலோ இருக்கலாம். இதயம்கூட ஹார்மோன் சுரக்கிறது. மேலறைகள் அதிக ரத்தத்தால் விரிந்தால் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒன்றை அது விடுகிறது; அடோல்ஃபோ டி போல்டும் அவரது குழுவினரும் 1981-இல் கனடாவில் இதைக் காட்டினார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அந்தக் குரலை மீறி ஆல்டோஸ்டீரோன் பக்கம் கை ஓங்கிவிடுகிறது, உப்பு தேங்குகிறது, காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. அதற்குக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான்.

கிளினிக் என்றதும் இளநீர் ஞாபகம் வருகிறது. மெஷினை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் இளநீரை நம்புகிறார்கள். நல்ல பானம்தான், நானும் குடிப்பேன். ஆனால் ஒரு பெரிய குவளை இளநீரில் 400 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். பிரஷருக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறவர்களுக்கு (வறட்டு இருமல் வருகிறதென்று புலம்புவார்களே, அந்த மாத்திரை) ஆல்டோஸ்டீரோன் குறைந்துவிடுவதால் பொட்டாசியம் வெளியேறுவதும் குறையும். அதோடு சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் தினம் இளநீர் என்பது இதயத்துடிப்போடு விளையாடுவது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இனி மெஷின், மெஷினாக. வடிகட்டும் வேலையில் குறை சொல்ல முடியாது. பலத்த மழைக்குப் பிறகு எங்கள் குழாயில் சில நேரம் மஞ்சளாக வரும். மெஷினுக்குள் போனால் கண்ணாடியாக வெளியே வரும். குளோரின் வாசம் அறவே இல்லை. கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுவதும் நின்றுவிட்டது. டீயில் நிறம் நன்றாக இறங்குகிறது. எங்கள் பூசை அறைச் செம்புக்குக்கூட இதிலிருந்துதான் பிடிக்கிறார் அண்ணி.

குறைகள்: ஒரு குவளை நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமாகக் கழிவுத் தண்ணீர் வெளியே ஓடுகிறது. விற்கும்போது இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அண்ணி அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டுக் கறிவேப்பிலைக்கும் வாசல் கழுவவும் எடுத்துக்கொள்கிறார். கரண்ட் போனால் தொட்டியில் இருக்கிற அளவோடு சரி. முதல் ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும். கழற்றிப் பார்த்தால் பழுப்பாகச் சேறு அப்பியிருக்கும், அதைப் பார்க்கும்போது மட்டும் காசு கொடுத்தது நியாயம் என்று தோன்றும். கம்பெனி ஃபில்டர் யானை விலை. அளவு பார்த்து ஹார்ட்வேர் கடையில் வாங்கியது கச்சிதமாகப் பொருந்தியது, வேலையும் அதே வேலை. அடியில் சொட்டத் தொடங்கியபோது சர்வீஸுக்குப் போன் போட்டோம். "இந்த வாரம் ஈப்போ பக்கம் சார், அடுத்த வாரம் வர்றோம்" என்றார்கள். அடுத்த வாரமும் ஈப்போதான். கடைசியில் தாமான் மூலையில் இருக்கும் பிளம்பர் அங்கிள் ஒரு வாஷரை மாற்றிவிட்டு, டீ குடித்துவிட்டு, காசு வேண்டாம் என்று போனார்.

வடிகட்டிக்கு ஐந்தில் நான்கு, சர்வீஸுக்கு ஒன்று, பின்பக்கப் பிரசுரத்துக்குச் சுழி. காந்தக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டோம்; தண்ணீர் முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக விழுகிறது. உங்கள் குழாயில் மஞ்சள் தண்ணீர் வருகிறது, கையிலும் காசு இருக்கிறது என்றால் இதே வகை மெஷின் ஹார்ட்வேர் கடையில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது, காந்தம் இல்லாமல். வாங்குவதற்கு முன்னால் மாற்று ஃபில்டரின் விலையையும், கழிவுக் குழாய் எங்கே போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.